சாயும் சோபாவுக்கு விலை பேசியது

அந்தக் கைப்பிடியை இழுக்காதீங்க சார். இழுத்தால் காலைத் தூக்கிவிட்டுத் தலையைப் பின்னால் தள்ளிவிடும். நேற்று ஒரு பெரிய மனிதர் தெரியாமல் இழுத்துவிட்டுக் கரப்பான் பூச்சி மாதிரி மல்லாந்து கிடந்தார். இரண்டு பேர் வந்து எழுப்பிவிட்டார்கள். என்னை மாதிரி நுனியில் உட்காருங்க. சாய்கிற சோபா என்றால் சாய்ந்தே தீரவேண்டும் என்று சட்டமா?

வீட்டில் எல்லாரும் மேல்மாடியில் கட்டில் பார்க்கிறார்களா? மகளுக்குச் சீரா? நல்லது. நல்ல காரியத்துக்கு வந்திருக்கிறீங்க. நான் அப்படி வரவில்லை. வந்து வந்து போய்க்கொண்டிருக்கிறேன். அதோ, கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் பழுப்புக் கலரில் ஒன்று இருக்கிறதே, அதை வாங்குவதா வேண்டாமா என்று முடிவு பண்ணத் தெரியவில்லை. இந்தச் சூசைமாணிக்கத்துக்கு ஒரு சாமானை வாங்குவதா வேண்டாமா என்று தெரியவில்லை! ஊரில் சொன்னால் சிரிப்பார்கள். நீங்கள் வேண்டுமானாலும் சிரியுங்க. இல்லை, சிரிக்காதீங்க. எனக்கு இப்போது கோபம் வந்தால் எங்கே போய் நிற்கும் என்று எனக்கே தெரியாது.

என் வீட்டுக்காரிக்குத்தான் சார். அமலோற்பவம். இருதயம் சரியில்லை. படுத்தால் மூச்சு முட்டுகிறது. பீரோவில் முதுகைக் கொடுத்து, தலையணைகளை அடுக்கி, உட்கார்ந்தபடியே தூங்குகிறாள். தூக்கத்தில் சரிந்து மட்டமாகப் போய்விட்டால் அவ்வளவுதான், தண்ணீரில் முங்கியவள் மாதிரி வாயைத் திறந்துகொண்டு எழுந்திருக்கிறாள். 'மட்டமாப் படுக்கவே கூடாதுங்க. சாய்ஞ்சாப்ல இருக்கிற சோபா ஒண்ணு வாங்கிப் போடுங்க'ன்னு டாக்டரம்மா சொல்லியாச்சு. மகள் சொல்லியாச்சு. இவள் ஒருத்திதான் வேண்டாம் என்கிறாள்.

வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டியதுதானே என்று நினைக்கிறீங்க. அங்கேதான் சார் இருக்கிறது வில்லங்கம். எங்கள் தொழிலைச் சொன்னால்தான் புரியும்.

நத்தம் ரோட்டில் பழைய கதவும் ஜன்னலும் உத்திரமுமாகச் சாத்தி வைத்திருக்கிற இடம் பார்த்திருப்பீங்களே, அது நம்முடையது. இடிக்கப்போகிற வீட்டைப் பேசி எடுத்து, மரத்தையும் கம்பியையும் பிரித்து விற்பேன். தள்ளுவண்டியில் பழைய இரும்பு வாங்கி ஆரம்பித்தவன். பள்ளிக்கூடத்தில் என்னை யாரும் அடித்ததில்லை, நான் போகவே இல்லை. அடித்ததெல்லாம் வெளியில்தான். ஏமாந்தும் அடி வாங்கியிருக்கிறேன், கொஞ்சம் அதிகமாகக் கெட்டிக்காரத்தனம் பண்ணியும் அடி வாங்கியிருக்கிறேன். இன்றைக்குத் திண்டுக்கல்லில் வீடு இடிக்கிறவன் எவனும் என்னை விட்டுவிட்டு விலை பேசமாட்டான்.

ஆனால் அதில் பாதிப் பேச்சு அமலோற்பவத்துடையது.

வீடு பார்க்கப் போகும்போது அவளையும் கூட்டிக்கொண்டு போவேன். வீட்டுக்காரர் தலைவாசல் கதவைத் திறந்து காட்டுவார். அசல் பர்மாத் தேக்கு, கை அகலத்துக்குச் சித்திர வேலை. எனக்குள்ளே எச்சில் ஊறும். அது முகத்தில் தெரிந்தால் போச்சு, விலை ஏறிவிடும். அப்போது இவள் மூக்கைச் சுளிப்பாள். நகத்தால் கதவைச் சுரண்டுவாள். 'ஏங்க, கரையான் வாடையில்ல அடிக்குது? இதைக் கொண்டுபோயி எங்க வைக்கிறது? வேண்டாங்க, வாங்க'ன்னு ஆரம்பிப்பாள். பின்னால் நின்று என் சட்டையைப் பிடித்து இழுப்பாள். இன்னும் குறையும், விடாதீங்க என்பதற்கு அதுதான் சமிக்ஞை. கடைசியில் கோபித்துக்கொண்ட மாதிரி வாசலுக்குப் போய்விடுவாள். நான் போகிறவளையும் வீட்டுக்காரரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, 'என்னங்க பண்ணச் சொல்றீங்க, வீட்டுல ஒத்துக்க மாட்டேங்குதே' என்பேன். அங்கே விழும் சார் விலை.

யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கல்யாணமான புதுசில் ஒரு தடவை அவள் நிஜமாகவே எதையோ வேண்டாம் என்று சொல்ல, விலை குறைந்தது. பிடித்துக்கொண்டோம்.

வீட்டுக்குச் சாமான் வாங்கப் போனாலும் இதே கூத்துதான். ஒரு தடவை பச்சைப் பட்டு ஒன்று. 'இந்தக் கலர் எனக்கு எடுக்காது, வேண்டாங்க, சத்தியமா வேண்டாங்க'ன்னு முகத்தை என்னமாய்க் கோணினாள்! கடைக்காரன் ஆடிப்போய்விட்டான். அடிமாட்டு விலைக்கு வாங்கிக் கொடுத்தேன். இன்றைக்கு வரைக்கும் உடுத்தவில்லை சார். மடிப்புக் கலையாமல் வைத்திருக்கிறாள். அவ்வளவு ஆசை அதன்மேல். இப்போது இருக்கிற வீடும் அப்படி வாங்கியதுதான். 'மரக் கிடங்குக்கு ஒட்டினாப்லயா வீடு? ஒரே தூசியா இருக்கும், எனக்கு வேண்டாம்'னு வாசல்படியில் உட்கார்ந்து அழுதே காட்டினாள். கண்ணீரைப் பார்த்துவிட்டு விற்கிறவர் இறங்கிவந்தார். அந்த வீட்டை எப்படி வைத்திருக்கிறாள் தெரியுமா? ஒரு ஜன்னலைத் திறக்கவிட மாட்டாள். அவ்வளவு சுத்தம்.

எங்கே விட்டேன்? ஆங், மூச்சு.

தவக்காலத்தில் ஆரம்பித்தது. சிலுவைப் பாதைக்குப் போனவள் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டாள். வெயில் என்றாள். பிறகு மாடிப்படி என்றாள். பிறகு சும்மா உட்கார்ந்திருக்கும்போதே வந்தது. டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனேன். நெஞ்சில் பசை மாதிரி எதையோ தடவி, டிவியில் போட்டுப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, இருதயம் அறுபது வேலை பார்க்கிற இடத்தில் முப்பதுதான் பார்க்கிறது என்றார்கள்.

எனக்குக் கை வேர்த்தது சார். வேர்த்தால் என் வாய் தானாகப் பேச ஆரம்பித்துவிடும், பழக்கதோஷம். 'முப்பதெல்லாம் ரொம்பக் கம்மிங்க டாக்டரம்மா. ஒரு நாப்பதாப் போட்டுக் குடுங்க' என்றேன்.

அந்தம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார்கள். 'நான் போடுறது இல்லைங்கய்யா. மெஷின் சொல்றது.'

'மெஷினை யாரு வாங்குனது? நீங்கதானே? ஒரு முப்பத்தஞ்சுக்காவது முடிச்சு விடுங்க.'

பக்கத்தில் இருந்த நர்ஸ் சிரித்துவிட்டது. அமலோற்பவமும் சிரித்தாள். 'சும்மா இருங்களேன்'னு சட்டையை இழுத்தாள். இழுத்தாளா, சரி, இன்னும் பேசலாம் என்று நானும் பேசிக்கொண்டே இருந்தேன். ஒன்றும் கூடவில்லை. மருந்துச் சீட்டும் இந்தச் சோபா யோசனையும்தான் கிடைத்தது.

அதற்குப் பிறகுதான் இங்கே வந்தோம். போன வெள்ளிக்கிழமை. இதே இடம். அதோ கழுத்தில் டை கட்டிக்கொண்டு நிற்கிறானே, நிவாஸ், அந்தத் தம்பிதான் காட்டினான். ஒன்று கையால் இழுப்பது. திரும்ப நிமிர்த்தக் காலால் அழுத்த வேண்டும், இவள் காலில் அந்தத் தெம்பு கிடையாது. இன்னொன்று மோட்டார், பட்டனை அமுக்கினால் போதும். அந்தப் பழுப்புக் கலர் மோட்டார்தான். 'சாஞ்சு கெடக்கும்போது கரண்டு போச்சுன்னா? விடிய விடிய அப்படியே கெடக்கிறதா?' என்று கேட்டேன். 'பேட்டரி இருக்கு சார்' என்றான். 'பேட்டரி செத்துப்போச்சுன்னா?' என்றேன். அமலோற்பவம் என்னை ஒரு பார்வை பார்த்தாள். செத்துப்போச்சு என்று சொல்லியிருக்கக் கூடாது. வாயில் வந்துவிட்டது.

உட்காரச் சொன்னான். உட்கார்ந்தாள். பட்டனை அமுக்கினான். மெதுவாக, தொட்டில் மாதிரிப் பின்னால் போனது. கண்ணை மூடினாள் சார். நெற்றியில் இருந்த சுருக்கம் எல்லாம் போய்விட்டது. எத்தனை நாள் கழித்து அந்த முகத்தைப் பார்க்கிறேன். பிடித்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சரி, ஆரம்பிக்கலாம் என்று அவன் பக்கம் திரும்பினேன். விலை கேட்டேன். சொன்னான். குறைத்து ஒரு விலை கேட்டுவிட்டுச் சிரித்தேன், அது ஒரு சிரிப்பு, அதற்கே சிலபேர் குறைத்துவிடுவார்கள்.

பின்னால் இவள் குரல் வந்தது. 'ஏங்க, வேண்டாங்க. வாங்க போகலாம்.'

ஆகா, எடுத்துக்கொடுத்துவிட்டாள் என்று நினைத்தேன்.

'எனக்கு மூச்சு முட்டுதுங்க.'

நான் அசந்துபோனேன் சார். புதுசாக அல்லவா இருக்கிறது! கரையான் சொல்லுவாள், சாயம் போகும் என்பாள், கால் ஆடுகிறது என்பாள், இப்படி ஒரு குற்றத்தை எந்தச் சாமானுக்கும் சொன்னதில்லையே. விடுவேனா? 'கேட்டீங்களா தம்பி, என் வீட்டுக்காரிக்கு மூச்சே முட்டுதாம் உங்க சோபாவுல. எந்தக் கழிவுப் பஞ்சை உள்ள வெச்சுத் தெச்சீங்க?' என்று பிடித்துக்கொண்டேன். சட்டையை இழுத்தாள். இன்னும் குறையும் என்கிறாள், விடக்கூடாது. இன்னொரு தடவை இழுத்தாள். அவ்வளவு பலமாக என்றைக்கும் இழுத்ததில்லை. ரொம்பப் பிடித்துவிட்டது போல, எப்படியாவது முடித்தாக வேண்டும் என்று நினைத்தேன். அப்புறம் கையை விட்டுவிட்டாள். வாசலுக்குப் போகிற செருப்புச் சத்தம் கேட்டது. எல்லாம் முறைப்படி நடக்கிறது. நான் திரும்பியே பார்க்கவில்லை சார். திரும்பிப் பார்க்கிற நேரம் இன்னும் வரவில்லை, அதற்கு ஒரு பதம் இருக்கிறது.

அந்தத் தம்பி என் தோளுக்கு மேலே பார்த்தான். முகம் வெளுத்தது. எனக்கு உள்ளே குளிர்ந்தது, விழப்போகிறான், முகம் விழுந்தால் அடுத்து விலைதான்.

'சார், அம்மாவைப் பாருங்க' என்றான்.

'அவ கெடக்கா. நீங்க கடைசி விலையைச் சொல்லுங்க' என்றேன்.

சொன்னேன் சார். இந்த வாயால்தான் சொன்னேன். அவன் என்னைத் தள்ளிவிட்டு ஓடினான். அப்போதுதான் திரும்பினேன். அந்தக் கண்ணாடிக் கதவுக்கு அருகே, சுருட்டி வைத்திருக்கிற மெத்தையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உதடு நாவல்பழம் தின்ற மாதிரி. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்து, ஊசி போட்டு, நெஞ்சில் கோத்திருந்த நீரை இறக்கினார்கள். வார்டில் ஒருத்தரையும் விடாமல் சண்டை போட்டேன். லிப்ட்காரரிடம் போட்டேன், காவலுக்கு நிற்கிறவரிடம் போட்டேன். சண்டை போட்டுக்கொண்டே இருந்தால் வேறு எதையும் நினைக்க வேண்டியதில்லை சார், அது ஒரு வசதி. நேற்று முன்தினம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். திருச்சியிலிருந்து மகள் ரெஜினா வந்து கூட இருக்கிறாள்.

வீட்டுக்கு வந்ததும் முதல் பேச்சே இந்தச் சோபாதான். 'அப்பா, இன்னிக்கே வாங்கிட்டு வந்திருங்க' என்றாள் ரெஜினா. அமலோற்பவம் தலையணைமேல் சாய்ந்தபடியே, 'வேண்டாம். நான் பாய்லயே படுத்துக்குவேன். ரெண்டு நாள்ல சரியாயிரும்' என்றாள். மூக்கைச் சுளித்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எல்லாம் நான் எத்தனையோ தடவை பார்த்த மாதிரியே. நான் ரெஜினாவிடம் சொன்னேன், 'உங்கம்மாவுக்கு அது ரொம்பப் பிடிச்சிருக்கு.'

அவள் படபடவென்று கேட்டாள். 'அம்மா நெசமாவே ஒண்ணை வேண்டாம்னு சொன்னா உங்களுக்கு எப்படிப்பா தெரியும்?'

எனக்கு வந்ததே கோபம்! 'எனக்கா தெரியாது? நீ பொறக்கறதுக்கு முன்னாடியிருந்து அவ மொகத்தைப் பார்த்துத் தொழில் பண்றவன்டி நான்' என்று கத்தினேன். கத்திவிட்டு அமலோற்பவத்தைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன் சார். ஒன்றும் தெரியவில்லை. வேண்டுமா, வேண்டாமா, பயமா, கோபமா, வலியா, அந்த முகத்தில் எனக்கு ஒரு எழுத்துக்கூடப் படிக்க வரவில்லை. அன்றைக்குப் பிடித்தது பயம்.

வேண்டாம் என்பது நிஜமாகவே இருந்து நான் வாங்கிப் போட்டேன் என்று வையுங்க. இனிமேல் நீ மட்டமாகப் படுக்கப்போவதே இல்லை என்கிற தீர்ப்பை நானே வீட்டுக்குள் தூக்கிவந்து வைத்த மாதிரி ஆகாதா? வாங்காமல் போய், அவள் தூக்கத்தில் சரிந்துவிட்டால்? அதை நினைக்கக்கூட என்னால் ஆகாது.

இன்னொன்றும் இருக்கிறது, சொன்னால் தப்பாக நினைக்காதீங்க. வீட்டை இடிக்க எடுக்கும்போது உள்ளே இருக்கிற சாமானுக்கெல்லாம் பேரம் நடக்கும். ஓட்டை அண்டாவுக்குக்கூட அண்ணன் தம்பி மல்லுக்கு நிற்பார்கள். ஒரே ஒரு சாமானுக்கு மட்டும் யாரும் விலை பேசமாட்டார்கள். முதுகுப் பக்கம் தூக்கிவிடுகிற கட்டில், சாய்கிற நாற்காலி, இப்படி ஏதாவது உள்ளறையில் ஒன்று கிடக்கும். 'இதை நீங்களே எடுத்துக்கிட்டுப் போயிருங்க, காசு வேண்டாம்' என்பார்கள். அதன் பக்கம் பார்க்காமல்தான் சொல்லுவார்கள். நானும் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். அதில் எல்லாம் ஆள் சாய்ந்த பள்ளம் இருக்கும் சார்.

அதனால்தான் வருவதும் போவதுமாக இருக்கிறேன். நேற்று வந்தபோது 'விலை படியலை'ன்னு சொல்லிவிட்டுப் போனேன். ரெஜினா கேட்டாலும் அதையேதான் சொன்னேன். இன்றைக்குக் காலையில் வந்தால், இந்த நிவாஸ் தம்பி என்ன சொல்கிறான் தெரியுமா? 'சார், மேனேஜர்கிட்ட நானே பேசிட்டேன். நீங்க அன்னைக்குக் கேட்ட விலைக்கே எடுத்துக்கங்க. அம்மாவுக்காக' என்கிறான்.

கேட்காமல் குறைக்கிறான்! 'யாரைக் கேட்டுடா குறைச்சே? என் பொண்டாட்டிக்கு என்ன ஆச்சுன்னு குறைக்கிறே?' என்று கடை அதிரக் கத்திவிட்டேன். அதற்குப் பிறகுதான் யாரும் என் பக்கம் வராமல் இருக்கிறார்கள். நீங்கள் புதுசு, அதனால் வந்து உட்கார்ந்துவிட்டீங்க. அந்தப் பிள்ளை நல்ல பிள்ளைதான். தெரிகிறது. பழைய விலையையே சொல்லியிருந்தால் நான் சண்டை போட்டு வாங்கிக்கொண்டு போயிருப்பேன். சண்டை போட ஆளில்லாமல் எப்படி சார் ஒரு சாமானை வாங்குவது?

இருங்க. போன் அடிக்கிறது. ரெஜினா.

சொல்லும்மா. கடையிலதான் இருக்கேன். விலைதான் இன்னும்... என்ன? யாரு, அம்மாவா? பேச முடியுதா? குடு, குடு.

அமலோ. சொல்லு. நான்தான்.

மெதுவாச் சொல்லு. மூச்சு விட்டுக்கிட்டுச் சொல்லு.

ம்.

ம்.

இல்ல, அவன் குறைச்சுத்தான்... சரி. சரி, பேசலை. பேசலை அமலோ. நீ சாஞ்சு உக்காரு. வந்துட்டேன்.

...

வேண்டும் என்கிறாள் சார்.

'அதையே எடுத்துட்டு வாங்க. எனக்கு வேணும். விலை பேசாதீங்க, வாங்க.' அவ்வளவுதான் சொன்னாள், அதற்கே நடுவில் மூன்று நான்கு தடவை நிறுத்தினாள். சுளிக்கவில்லை, கோணவில்லை, குற்றம் ஒன்றும் சொல்லவில்லை. நேராக, வேணும் என்கிறாள்.

கல்யாணத்தின்போது தாலிக்கொடி எடுக்கப் போனோம், அப்போதும் சொல்லவில்லை. பிள்ளை வயிற்றில் இருக்கும்போது மாங்காய்க்குக்கூடச் சொன்னதில்லை. இத்தனை வருஷத்தில் அந்த வாயிலிருந்து வேணும் என்று நான் கேட்டதே கிடையாது சார். சொன்னால் விலை ஏறிவிடும் என்று அவளுக்குத் தெரியும். ஏறினாலும் பரவாயில்லை என்கிற இடத்துக்கு அவள் போய்விட்டாள் என்றால்... எவ்வளவு முடியாமல் இருந்தால் சொல்லியிருப்பாள்?

நீங்கள் ஒரு உபகாரம் பண்ணுங்க சார். நீங்கள் எனக்கு யாரோ, நான் உங்களுக்கு யாரோ. அந்தத் தம்பியைக் கொஞ்சம் கூப்பிட்டுச் சொல்லுங்க, அந்தப் பழுப்புக் கலரை இப்போதே வண்டியில் ஏற்றச் சொல்லுங்க. அவன் என்ன விலை சொன்னாலும் சரி, முதலில் சொன்னதே ஆனாலும் சரி. நானே சொல்லுவேன், எனக்கு வாய் வரமாட்டேன் என்கிறது.